ஆசனப் படத்தில் கட்டையும் பெல்ட்டும் இடம்பெறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வாரந்தோறும் வெளிவரும் ஆசனப் பகுதியைத் தவறாமல் படித்து வருகிறேன். யோகா கற்றுக்கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். முதுகுவலி, கழுத்துவலி, காலுக்கு இறங்கும் நரம்புவலி என்று ஏதேனும் ஒன்றோடு வருகிறார்கள். பலருடைய பையில் ஸ்கேன் அறிக்கை இருக்கும். அதோடு உங்கள் பக்கத்திலிருந்து கத்தரித்து எடுத்த ஆசனப் படமும் இருக்கும். "இதை வீட்டிலே செய்யலாமா?" என்று அந்தப் படத்தைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். உங்கள் படத்துக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதால்தான், ஆசனத்துக்குத் துணையாகும் மரக்கட்டை, பெல்ட் போன்ற கருவிகளும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதம்.

அண்மையில் பச்சிமோத்தாசனம் வெளியாகியிருந்தது. படத்தில் இருந்தவர் இளம்பெண். கால்களை நேராக நீட்டி, நெற்றியை முழங்காலில் பதித்து, கைகளைப் பாதங்களுக்கு அப்பால் கோத்திருந்தார். முதுகு இடுப்பிலிருந்து தலைவரை ஒரே நீளமாகப் படிந்திருந்தது. நல்ல பயிற்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே இருந்த குறிப்புதான் எனக்குக் கவலை தந்தது. 'முழங்காலை மடக்காமல் குனிந்து நெற்றியால் முழங்காலைத் தொட வேண்டும். முதுகுத்தண்டு வலுப்பெறும்' என்று போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் தரையில் உட்காரப் போகிறவர் அந்தப் பெண்ணைப் போன்றவரா? பத்து மணிநேரம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், தொடையின் பின்தசை இறுகிப்போனவர், மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்துகொண்டிருப்பவர், இவர்கள்தான் அதிகம்.

அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தொடையின் பின்பக்கத் தசைகள், நாம் உட்காரும்போது தரையில் பதிகிற எலும்பிலிருந்து தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்கின்றன. அவை இறுகியிருப்பவர் காலை நேராக நீட்டி உட்கார்ந்தாலே, அந்தத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுத்துச் சாய்த்துவிடும். இடுப்பு பின்னால் சாய்ந்தால் அதன்மேல் நிற்கும் கீழ்முதுகு கூன் போடும். அந்த நிலையில் 'குனி' என்றால் அவருடைய இடுப்பு குனியாது, அது ஏற்கெனவே பூட்டிக்கொண்டது. குனிவு முழுவதும் கீழ்முதுகின் இரண்டு மூன்று முள்ளெலும்புகளுக்கு நடுவே போய் விழும். ஸ்கேன் அறிக்கையில் 'எல் 4 - எல் 5', 'எல் 5 - எஸ் 1' என்று அடிக்கடி பார்க்கிறோமே, அந்த இடங்கள்தான். கீழ்முதுகில் ஜவ்வு பிதுங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஜவ்வு என்று நாம் சொல்லும் அந்தத் தட்டு, நடுவில் குழைவான கூழும் சுற்றிலும் அடுக்கடுக்கான நார்வளையமும் கொண்டது. நம் முதுகில் இப்படி 23 தட்டுகள் இருக்கின்றன. முன்பக்கம் குனியும்போது தட்டின் முன்பகுதி நசுங்கி, நடுக்கூழ் பின்பக்கம் தள்ளப்படுகிறது. நரம்புகள் ஓடுவதும் பின்பக்கம்தான். வயதுவந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதே அதற்கு ஊட்டம். அதனால் ஒருமுறை கிழிந்தால் ஆறுவதற்கு நாளாகும்.

ஒருமுறை குனிந்தால் முதுகு போய்விடும் என்று யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. முதுகு வளைவதற்கென்றே அமைந்தது. வளையாமல் வைத்திருந்தால் அதுவும் கேடு. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவற்றில் யோகாவையும் சேர்த்து, அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. யோகா முதுகுக்கு நல்லது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரே இடத்தில், எல்லை வரை, இழுத்துப் பிடித்து, தினமும் குனிவதுதான் தொல்லை. அதற்கு மேல், குனிந்திருப்பவரின் முதுகில் கையை ஊன்றி அழுத்துகிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி அழுத்தப்பட்டு, மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் போய், பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அழுத்துவது உதவியே அல்ல. குனிந்த முதுகின் மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்பதை உங்கள் பக்கத்தில் ஒருமுறை கொட்டை எழுத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும்.

இனி, பின்தொடை இறுகியவர் அதே பச்சிமோத்தாசனத்தை எப்படிச் செய்யலாம்?

கெட்டியான போர்வை ஒன்றை நான்காக மடித்து, இரண்டு மூன்று அடுக்கு உயரம் வைத்து, அதன் முன்விளிம்பில் உட்கார வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் பயனில்லை. புட்டம் உயரத்திலும் தொடை சரிவிலும் இருந்தால் இடுப்பு தானாக முன்னுக்குச் சாயும். என் வகுப்பில் ஒரு பெரியவரை இப்படி உட்காரவைத்தபோது அவருடைய கீழ்முதுகில் விரலை ஓட்டிப் பார்த்தேன். வெறும் தரையில் இருந்தபோது முள்ளெலும்புகள் வெளியே துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட்டன. போர்வையில் ஏறியதும் அவை உள்வாங்கி, இரண்டு பக்கத் தசைக்கும் நடுவே மெல்லிய பள்ளம் தெரிந்தது. "மூச்சு கீழே வரைக்கும் போகுதே" என்றார். பிறகு ஒரு பெல்ட்டை இரண்டு பாதங்களின் குழியிலும் மாட்டி, இரு முனையையும் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, மார்பை முன்னோக்கி நிமிர்த்தச் சொன்னேன். அவ்வளவுதான். அதற்குமேல் குனியச் சொல்லவில்லை. பின்தொடையில் இழுப்புத் தெரிகிறது, முதுகில் வலி இல்லை, மூச்சு தடைபடவில்லை என்றால் அதுதான் அன்றைக்கு அவருடைய பச்சிமோத்தாசனம். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்தால் இன்னும் சிலருக்கு எளிதாகும். பெல்ட் இல்லையென்றால் நீளமான பருத்தித் துண்டு போதும்.

எலும்பு மெலிந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு முன்வளைவு என்பது வெறும் தசைப்பிடிப்பு விவகாரம் அல்ல. 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலும்பு மெலிவு உள்ள 59 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதுகைப் பின்னுக்கு நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. முன்னுக்கு வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 89 சதவீதம். எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில் 67 சதவீதம். சிறிய ஆய்வு அது, முன்வளைவுக் குழுவில் பத்துப் பேர்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எலும்பு மெலிந்த ஒருவரை முதுகு கூனக் குனியவைக்க என் மனம் ஒப்பாது. அவருக்கு நாற்காலி போதும். நின்றபடி, நாற்காலியின் முதுகுப் பட்டையில் கைகளை வைத்து, கால்களைப் பின்னுக்கு நகர்த்தி, இடுப்பிலிருந்து மட்டும் மடங்கி, முதுகை நீளமாக வைத்துக்கொள்ளலாம். தரையைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

"கட்டையும் பெல்ட்டும் வைத்துக்கொண்டு செய்வது யோகாவா? அந்தக் காலத்து ரிஷிகள் இதையெல்லாமா வைத்திருந்தார்கள்?" என்ற கேள்வி ஒவ்வொரு புதிய வகுப்பிலும் வரும். வைத்திருந்தார்கள் என்பதே என் பதில். யோக நரசிம்மர் சிலையைப் பாருங்கள். குத்துக்காலிட்ட இரண்டு முழங்கால்களையும் இடுப்போடு சேர்த்து ஒரு பட்டை சுற்றியிருக்கும். ஐயப்பன் திருமேனியிலும் யோக தட்சிணாமூர்த்தி சிற்பங்களிலும் அதே பட்டை உண்டு. யோகப்பட்டம் என்பார்கள். நெடுநேரம் அமர்ந்திருக்கும்போது கால் விலகாமலும் முதுகு சரியாமலும் தாங்குவது அதன் வேலை. சிற்பி அதை மறைக்கவில்லை, முழங்காலுக்குக் குறுக்கே எல்லோரும் பார்க்கும்படி செதுக்கி வைத்தார். தியானத்தில் கையைத் தாங்க யோக தண்டம் இருந்தது. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம், தியானத்துக்கு உட்காரும் இடத்தில் தர்ப்பை, மான்தோல், துணி விரித்துக்கொள்ளச் சொல்கிறது. மிக உயரமாகவும் வேண்டாம், மிகத் தாழ்வாகவும் வேண்டாம் என்கிறது. இருக்கையின் உயரம் முதுகை மாற்றும் என்று தெரிந்தவர்கள் சொன்ன சொல் அது. போர்வையை எத்தனை அடுக்கு மடிக்கலாம் என்று நான் யோசிப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

நம் காலத்துக்கு வந்தால் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-இல் பிறந்தவர். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வந்து நலிந்த உடம்பு அவருடையது. மைசூரில் யோகா கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று, 1937-இல் புனேவுக்குக் கற்பிக்கப் போனார். வளையாத உடம்போடு, நோயோடு வந்தவர்களுக்குக் கற்பிக்கக் கற்பிக்க, கையில் கிடைத்த செங்கல், நாற்காலி, கயிறு, போர்வை எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாக்கினார். இன்று உலகம் முழுக்க யோகா அறைகளில் அடுக்கியிருக்கும் மரக்கட்டையும் கொக்கி வைத்த பெல்ட்டும் அங்கிருந்து கிளம்பியவைதான். தொண்ணூறு வயதுக்குப் பிறகும் அவரே இந்தத் துணைக்கருவிகளோடு பயிற்சி செய்தார். 2014-இல் 95 வயதில் மறைந்தார். அதே கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் வேறு வழியில் போனார். கருவியைவிட, ஆளுக்கேற்ப அசைவையும் மூச்சையும் மாற்றிக் கொடுத்தார். வழி இரண்டானாலும், ஆசனத்துக்காக ஆளை வளைக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றுதான். துணைக்கருவி வைத்துச் செய்பவரை 'முடியாதவர்' என்று ஓரமாக உட்காரவைக்கும் வழக்கம் இவர்களிடமிருந்து வந்ததல்ல.

கட்டை எங்கே நன்றாக வேலை செய்கிறது என்றால், காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தைச் சொல்வேன். தரையைத் தொட வேண்டும் என்ற ஆசையில் கையைக் கீழே விடுபவர், மார்பைத் தரைப்பக்கம் திருப்பி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை முறுக்கிவிடுகிறார். கை தரைக்குப் போய்விட்டது, ஆசனம் போய்விட்டது. கணுக்காலுக்கு வெளியே ஒரு கட்டையை வையுங்கள். ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் நீளம், 12 அகலம், 7.5 கனம் உள்ள கட்டைக்கு மூன்று உயரம் உண்டு. நெட்டுக்குத்தாக வைத்துத் தொடங்கலாம். கை அதில் பதிந்ததும் மேல்பக்க விலா திறக்கும், தலை இடுப்புக்கு நேராக வரும், இரண்டு பக்க இடுப்பும் ஒரே நீளத்தில் இருக்கும். பழகப் பழகக் கட்டையைப் படுக்கப் போடலாம். போடாமல் காலம் முழுக்க நெட்டுக்குத்தாகவே வைத்திருந்தாலும் ஒரு குறையுமில்லை.

தோளில் உடம்பைத் தாங்கிக் காலை மேலே நிறுத்தும் சர்வாங்காசனத்தில், வெறும் தரையில் படுத்துக் காலைத் தூக்கினால் உடல் எடை கழுத்தின் அடியில் இறங்கும். அங்கே கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள், அதுதான் தரையில் நசுங்குகிறது. கெட்டியாக மடித்த மூன்று நான்கு போர்வைகளின்மேல் தோளை வைத்து, தலையை மட்டும் கீழே தரையில் விட்டால் கழுத்துக்கு இடம் கிடைக்கும். கழுத்து ஜவ்வில் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், நாற்காலியின்மேல் கெண்டைக்காலை வைத்துப் படுத்தால் போதும். கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனத்தை விட்டுவிட வேண்டும். தலைகீழாக நிற்கும்போது கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

மல்லாந்து படுத்து இடுப்பைப் பாலம்போல் உயர்த்தும் சேதுபந்தாசனத்தில் கட்டையை வைக்கும் இடத்தை இணையக் காணொளிகளைப் பார்த்துப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கட்டை இடுப்பு வளைவுக்கு அடியில் வரக்கூடாது. அதற்கும் கீழே, புட்டத்துக்குச் சற்று மேலே, கையை வைத்தால் தட்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அங்கேதான் வர வேண்டும். ஒரு சாண் மேலே நகர்ந்தால் இதே கட்டை முதுகைக் குத்தும்.

துணைக்கருவி என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் கூடாது. கையை ஊன்றினால் அமுங்குகிற மெத்தென்ற கட்டை, வழவழப்பான தரையில் சறுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, புசுபுசுவென்ற தலையணை இவை விழவைக்கும். நாற்காலி உலோகத்தாலானதாக, நான்கு காலும் வழுக்காத விரிப்பின்மேல், சுவரை ஒட்டி இருக்க வேண்டும். கயிற்றில் தலைகீழாகத் தொங்குவதை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே கூடாது. சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செலவே இல்லாத, சறுக்காத, எல்லார் வீட்டிலும் இருக்கிற துணை அது. குதிகாலும் புட்டமும் தோளும் சுவரில் பட நிற்கச் சொன்னால், தலை எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

மருத்துவரிடம் போக வேண்டிய இடத்தில் போர்வையை மடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. முதுகுவலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலத்தை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்தபின் வந்த வலி என்றாலும் மருத்துவர் பார்த்த பிறகே ஆசனம். இதை என் வகுப்பின் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, ஆயுஷ் அமைச்சகம் ஜூன் 21 யோகா தினத்துக்காக வெளியிட்ட பொது யோகா நெறிமுறையிலேயே, நின்றபடி முன்னால் குனியும் பாதஹஸ்தாசனத்துக்குக் கீழே எச்சரிக்கை இருக்கிறது. முதுகுத் தொல்லையும் ஜவ்வுக் கோளாறும் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். செய்தித்தாளில் படம் வரும், பலன் வரும், அந்த எச்சரிக்கை மட்டும் இடமில்லாமல் விடுபட்டுவிடுகிறது. உங்கள் பகுதியில் இனி ஒவ்வோர் ஆசனத்துக்கும் இரண்டு படம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். துணைக்கருவியோடு செய்வது மூலையில் தபால்தலை அளவில் வந்தால் அது இரண்டாந்தரம் என்றே வாசகர் நினைப்பார். அந்தப் படத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருக்கட்டும். 'தொட வேண்டும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எங்கே இழுப்புத் தெரிய வேண்டும், எங்கே வலி வரக்கூடாது என்று எழுதுங்கள். யார் செய்யக்கூடாது என்பதைப் பலன்களுக்கு மேலே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் பலன்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

படம் எடுக்க ஆள் கிடைப்பது சிரமம் என்று தங்கள் அலுவலகத்தில் யோசிக்கக்கூடும். என் வகுப்பில் நாலைந்து பேர் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுபதைத் தாண்டிய அம்மா. நாற்காலியைப் பிடித்து முதுகை நீட்டி நிற்பதில் அவருக்கு இணை இங்கே யாரும் இல்லை. கட்டை, பெல்ட், போர்வை, நாற்காலி எல்லாவற்றையும் நானே எடுத்து வருகிறேன். எந்தக் கிழமை வர வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
யோகா ஆசிரியை